உயர்தரத்தில் சமயமும் அளவையியலும்: சில கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பல வருடமாக உயர்தர வகுப்புகளுக்கு இந்து நாகரிகம் படிப்பிக்கிறேன். கலைப்பிரிவுக்கு வரும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

சங்கானை மாணவி: சேர், இந்து நாகரிகத்தோடு அளவையியலும் விஞ்ஞானமுறையும் எடுக்கலாமா? பக்தியும் தர்க்கமும் ஒத்துவராது என்கிறார்கள்.

தாராளமாக எடுங்கள், பிள்ளை. மணிமேகலையின் 29ஆவது காதையைப் பாருங்கள். பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்குத் தர்க்கம்தான் படிப்பிக்கிறார். இந்த மலையில் நெருப்பு உண்டு, இது பக்கம், அதாவது நிறுவவேண்டிய கூற்று. புகை இருப்பதால், இது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல, இது திட்டாந்தம், அதாவது உதாரணம். பிறகு உதாரணத்தை இந்த மலைக்குப் பொருத்திக் காட்டும் உபநயம், முடிவைச் சொல்லும் நிகமனம். அரிஸ்டோட்டிலின் நியாயத்தொடையில் (syllogism) மூன்று எடுப்புகள், அதாவது கூற்றுகள். நம்முடையதில் ஐந்து உறுப்புகள். திட்டாந்தத்தின் மூலம், கண்ட இடம் ஒன்றைக் காட்டு என்று கேட்பதுதான் இதன் அழகு.

சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. ஆகவே தோற்றுவித்த ஒருவன் உண்டு. 'மூவினைமையின்' என்றால் இந்த மூன்று தொழிலும் உடைமையால் என்று பொருள்; அதில் வரும் 'இன்'தான் ஏது. பன்னிரண்டு சூத்திரத்தையும் மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் அந்த 'இன்'னைக் கவனிக்காமல் போகிறார்கள். எனக்கு அது பெரிய மனவருத்தம்.

வட்டுக்கோட்டைத் தாய்: கண்ணால் காண்பதையே நம்பும் உலகாயதக் கொள்கையைப் படித்ததிலிருந்து மகள் கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறாள். இந்தப் பாடம் வேண்டாமோ?

பயப்படாதீர்கள் அம்மா. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளைச் சொல்லும் பரபக்கமே உலகாயதத்தில்தான் தொடங்குகிறது. பதினான்கு மறுதரப்பை முதலில் சொல்லவிட்டு, அப்புறம்தான் மறுக்கிறார் அருணந்தி சிவாசாரியார். அந்தச் சித்தியாரில் தன் கொள்கையைச் சொல்லும் பகுதியான சுபக்கத்துக்கு உரை எழுதிய ஞானப்பிரகாசர் நம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்காரர். மகள் பரபக்கத்தில் நிற்கிறாள். வாயை அடைக்காமல் சுபக்கத்தையும் வாசிக்கக் கொடுங்கள்.

பாசையூர் மாணவன்: நான் கத்தோலிக்கன். எனக்கு என்ன இருக்கிறது?

கிறிஸ்தவ நாகரிகம் இருக்கிறது, தம்பி. உங்கள் பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் தனியே படிப்பது கஷ்டம்.

தொண்டைமானாறு மாணவன்: சரி பிழை பற்றிய படிப்பு, அதாவது ஒழுக்கவியல், உயர்தரத்தில் தனிப்பாடமாக இல்லையே?

இல்லைத்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மெய்யியல் துறைக்குப் போனால் முறையாகப் படிக்கலாம். அதுவரை நம் ஊரிலேயே கேள்வி கிடக்கிறது. கோயில் வேள்வியில் கிடாய் வெட்டிப் பலியிடலாமா? ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டிலேயே கடுமையாக எதிர்த்தார். வெட்டுகிறவர்களோ நேர்த்தி, பரம்பரை வழக்கம் என்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் ஒவ்வொரு பந்தியில் எழுதுங்கள். உங்களுக்குப் பிடிக்காத பக்கத்தை, அந்தப் பக்கத்து ஆள் வாசித்து "ஓம், நான் சொல்வது இதுதான்" என்று ஒத்துக்கொள்ளும்படி எழுதவேண்டும். எழுதிக்கொண்டு வாருங்கள், இருந்து பார்ப்போம்.