பாளையம் என்றால் என்ன? கொங்கு நாட்டில் இத்தனை பாளையங்கள் ஏன்?

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் கவுண்டம்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம், பெரியநாயக்கன்பாளையம் என்று வரிசையாக வருகின்றனவே, இங்கெல்லாம் பாளையக்காரர்கள் ஆண்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சாலையோரத்து ஊர்க்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலும் இல்லை.

பாளையம் என்பதன் முதற்பொருள், படை கூடாரமிட்டுத் தங்கும் இடம். படையெடுத்து வந்தவர்கள் ஓரிடத்தில் தங்குவதைப் 'பாளையம் இறங்குதல்' என்றே சொல்லி வந்தார்கள். சங்க இலக்கியத்தில் இதே இடத்திற்குப் பாசறை, பாடி, கட்டூர் என்ற பெயர்கள் வழங்கின. முல்லைப்பாட்டில் வரும் பாடியைப் பாருங்கள். காட்டுப் புதர்களை வெட்டியகற்றி, வெட்டிய முள்ளையே சுற்றிலும் வேலியாக வளைத்திருக்கிறார்கள். உள்ளே பாகர்கள் வடமொழிச் சொற்களால் யானையைப் பழக்குகிறார்கள். நாழிகைக் கணக்கர் அரசனுக்குப் பொழுது அறிவிக்கிறார்கள். கிளுவை வேலிக்கு நடுவே வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்த முள்வேலி அந்நியமாகத் தோன்றாது.

இரண்டாவது பொருள் ஆட்சி சார்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் (படைத்தலைவர்) அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. பாளையக்காரர் தம் எல்லைக்குள் வரி தண்டி, காவல் காத்து, நாயக்கர் அழைக்கும்போது படையுடன் வரக் கடமைப்பட்டவர். வருவாயில் ஒரு பங்கு கப்பம், ஒரு பங்கு படைச்செலவு, எஞ்சியது அவருக்கு. ஆக, படை தங்கும் இடத்தைக் குறித்த சொல், படை தருவதற்காக விடப்பட்ட நிலத்திற்கும் ஆகிவந்தது. கன்னடத்திலும் பாளெய, பாளெயகார என்று இச்சொல் உண்டு. ஆங்கிலேயர் அதைப் 'பாலிகர்' என்று திரித்து எழுதினார்கள்.

உங்கள் ஐயம் தீரும் இடம் மூன்றாவது பொருளில்தான் இருக்கிறது. காலப்போக்கில் பாளையம் என்பது வெறுமனே குடியிருப்பு என்றும் பொருள்பட்டது. மேட்டில் அமைந்தது மேட்டுப்பாளையம். ஒருவர் பெயரால் அமைந்தது கோபிசெட்டிபாளையம். ஒரு சமூகத்தார் பெயரைத் தாங்கியது, பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன திருப்பூர் அனுப்பர்பாளையம். இவற்றின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே கோட்டையும் கொத்தளமும் தேடுவது வீண்வேலை.

மாறாக, உண்மையிலேயே பாளையப்பட்டுகளாக, அதாவது பாளையக்காரர் ஆண்ட பகுதிகளாக, இருந்து பின்னர் ஜமீன்களான பொள்ளாச்சிப் பக்கத்து ஊத்துக்குளி, சமத்தூர் ஆகியவற்றின் பெயரில் பாளையம் என்ற ஒட்டே கிடையாது. தீரன் சின்னமலை 1756இல் பிறந்தது காங்கேயம் பக்கத்து மேலப்பாளையத்தில் என்றாலும், அவர் கோட்டை கட்டியது ஓடாநிலையில். எனவே ஓர் ஊர் பாளையப்பட்டா என்பதை அறிய, பெயரை விட்டுவிட்டுப் பழைய ஜமீன், கப்பம் பற்றிய ஆவணங்களைத்தான் பார்க்க வேண்டும்.

முதற்பொருள் மட்டும் இன்று பேச்சில் அநேகமாக மறைந்துவிட்டது. பழைய தமிழ் விவிலியத்தில், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஒவ்வோர் இடமாகச் சென்று 'பாளயமிறங்கினார்கள்' என்று வரும் இடங்களில் அதை இன்னும் படிக்கலாம்.