லேபிளின் பின்பக்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எந்த நாட்டு க்ரீமை எடுத்தாலும் பின்னால் அதே புரியாத பெயர்கள். ஏன் இப்படி?

அழகுசாதனப் பொருள்களுக்கு 'இன்சி' என்ற பொதுப் பெயர்முறை இருக்கிறது. அமெரிக்கத் தொழில் சங்கம் 1973இல் இதற்கான முதல் அகராதியை வெளியிட்டது. தேங்காய் எண்ணெய் கலந்த க்ரீமை எங்கே வாங்கினாலும் லேபிளில் 'கோகோஸ் நியூசிஃபெரா ஆயில்' என்றுதான் இருக்கும். சில பெயர்கள் மட்டும் மாறும். தண்ணீர் ஐரோப்பாவில் 'அக்குவா', அமெரிக்காவில் 'வாட்டர்'.

'ஹெர்பல் பிளாக் ஹென்னா' பூசியதும் அம்மாவுக்கு நெற்றியும் காதோரமும் தடித்து வீங்கிவிட்டது. மருதாணி கூடவா ஒத்துக்கொள்ளாது?

முதலில் அந்த பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மருதாணி மட்டும் பூசினால் முடி செம்பட்டையாகத்தான் மாறும், கருக்காது. கருப்பு வேறு எங்கிருந்தோ வர வேண்டும். பின்பக்கம் பாருங்கள். 'லாசோனியா இனெர்மிஸ்' என்பது மருதாணி, 'இண்டிகோஃபெரா டிங்க்டோரியா' என்பது அவுரி. இவற்றோடு 'பி-ஃபினைலீன்டையமீன்' என்றும் இருந்தால், என் சந்தேகம் முழுக்க அதன் மேல்தான். பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். சாய ஒவ்வாமைக்குப் பெயர்போன ரசாயனம் அது. இது கலந்த டைக்கு எச்சரிக்கை வாசகம் போட வேண்டும் என்பது இந்தியாவில் விதி. அதில் இமை, புருவத்துக்குப் பூசக் கூடாது என்பதும் அடங்கும்.

அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். அதனால் 'கொஞ்சமாகப் பூசிப் பார்க்கலாம்' என்று வீட்டில் சோதிக்கவே வேண்டாம். பாக்கெட்டோடு தோல் மருத்துவரிடம் போங்கள். பிராண்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்பி அடுத்த பாக்கெட்டை வாங்குகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. முன்பக்கத்துப் படம் மாறியிருக்கும், பின்பக்கத்தில் அதே பெயர் இருக்கும்.

பாதாம் ஹேர் ஆயில் என்று வாங்கினேன். முதல் பெயர் 'பாரஃபினம் லிக்விடம்'. ஏமாற்றுகிறார்களா?

அது மினரல் ஆயில். எந்தப் பொருள் அதிகமோ அதை முதலில் போட்டு, இறங்குவரிசையில் எழுத வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். உங்கள் பாட்டிலில் 'ப்ரூனஸ் அமிக்டாலஸ் டல்சிஸ் ஆயில்', அதாவது பாதாம் எண்ணெய், பொதுவாகக் கொஞ்சமே சேர்க்கும் 'பர்ஃபம்' என்ற வாசனைக்குப் பிறகு வருகிறதா? அப்படியென்றால் அதில் பாதாம் கொஞ்சம்தான் இருக்க வாய்ப்பு. மினரல் ஆயில் கெடுதல் இல்லை. ஆனால் அதற்குப் பாதாம் விலை கொடுக்க வேண்டியதில்லை.

'சீட்டைல் ஆல்கஹால்' தோலை வறட்டுமா?

வறட்டாது. மெழுகு போன்ற கொழுப்பு வகை அது, க்ரீமுக்குக் கெட்டித்தன்மை தருகிறது. வறண்ட சருமக்காரர்கள் கவனிக்க வேண்டியது 'ஆல்கஹால் டினாட்' என்ற பெயரை. சீக்கிரம் ஆவியாகும் ஸ்பிரிட் வகை அது, தோலை வறட்டக்கூடியது.

நாங்கள் சைவம். லிப்ஸ்டிக்கில் எதைப் பார்க்க வேண்டும்?

'சி.ஐ. 75470' என்ற நிறமி எண்ணை. கார்மைன் என்ற இந்தச் சிவப்பைக் காக்கினீல் பூச்சியிலிருந்து எடுக்கிறார்கள். சி.ஐ. 77491 இரும்பு ஆக்சைடு, அதில் பூச்சி இல்லை. நிறமிகள் பெரும்பாலும் பட்டியலின் கடைசியில் எண்ணாகத்தான் இருக்கும், தேடிப் பாருங்கள்.

ஷாம்பு சாஷேயில் பட்டியலே இல்லையே?

இந்திய விதிப்படி 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும், 30 கிராமுக்குக் குறைந்த திட, களிம்பு வகைக்கும் பட்டியல் கட்டாயமில்லை. ஒவ்வாமை உள்ளவர்கள் அதே ஷாம்புவின் பெரிய பாட்டிலைக் கடையில் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, பிறகு சாஷே வாங்கலாம்.