குருத்வாராவில் கல்யாணம்: போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி: மகனோடு வேலை பார்க்கும் சீக்கிய நண்பருக்கு லூதியானாவில் கல்யாணம். குடும்பத்தோடு போகிறோம். அழைப்பிதழில் ஆனந்த் காரஜ், அர்தாஸ், லங்கர் என்றெல்லாம் இருக்கிறது. முகூர்த்தம் இல்லை, காலை 10 மணி என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். குருத்வாராவில் நாங்களும் விழுந்து கும்பிட வேண்டுமா? மாப்பிள்ளை முடி வெட்டி, தாடியும் மழித்திருக்கிறார். அப்படியும் சீக்கியராக இருக்கலாமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: உள்ளே போனதும் எதிரில் விதானத்துக்குக் கீழே, பட்டுத் துணி போர்த்திய பீடம் தெரியும். அதில் இருப்பது குரு கிரந்த சாஹிப். வேத நூல் என்று நாம் சொல்லிவிடுகிறோம், ஆனால் சீக்கியர்களுக்கு அதுவே குரு. ஐந்தாம் குரு அர்ஜன் 1604-ல் தொகுத்து அமிர்தசரஸில் வைத்தார். பத்தாம் குரு கோவிந்த் சிங் 1708-ல் நாந்தேடில் மறையும் முன், தனக்குப் பின் ஆள் குரு கிடையாது, கிரந்தமே குரு என்று சொல்லிவிட்டார். காலையில் அதைத் திறந்து வைப்பதற்கு பிரகாஷ் என்றும், இரவில் மூடி ஓய்வறைக்கு எடுத்துப் போவதற்கு சுகாசன் என்றும் பெயர். பக்கத்தில் ஒருவர் வெண்சாமரம் வீசிக்கொண்டிருப்பார். உள்ளே குரு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டால், மற்ற மரியாதையெல்லாம் யாரும் சொல்லித் தராமலே புரியும்.

தலையை மூட வேண்டும், ஆண் பெண் எல்லோரும். பட்டுப்புடவை முந்தானை ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் நழுவும். பருத்தி துப்பட்டா ஒன்று கையில் இருக்கட்டும். ஆண்களுக்குப் பெரிய கைக்குட்டை போதும், தொப்பி சரிப்படாது. மறந்து போனாலும் வாசலில் கூடையில் துணி வைத்திருப்பார்கள். செருப்பை விட்டு, கை கால் கழுவிக்கொண்டு போங்கள். சிகரெட், புகையிலை சட்டைப் பையில்கூட இருக்கக் கூடாது.

கிரந்தத்துக்கு முன் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் கும்பிடுவது அவர்கள் வழக்கம். உங்களுக்கு விருப்பம் இருந்தால் செய்யலாம், இல்லையென்றால் நின்று கைகூப்பினால் போதும், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். முன்னால் இருக்கும் உண்டியலுக்கு கோலக் என்று பெயர். தேங்காய், பூ, கற்பூரம் எதுவும் வாங்கிப் போக வேண்டாம். எல்லோருக்கும் தரைதான், சம்மணம் போட்டு உட்காருங்கள். குரு பக்கம் கால் நீட்டக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் அங்கே சேவை செய்யும் தொண்டரிடம் (சேவாதார்) சொன்னால் ஓரமாக ஏற்பாடு செய்வார்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். ஆனந்த் காரஜ் என்பது சீக்கியர்களின் கல்யாணச் சடங்கு. அதில் அக்னி இல்லை, தாலி இல்லை. மாப்பிள்ளை தோளில் தொங்கும் துணியின் நுனியைப் பெண்ணின் அப்பா எடுத்து மகள் கையில் கொடுப்பார். அதற்குப் பெயர் பல்லா. நான்காம் குரு ராம்தாஸ் எழுதிய லாவான் என்ற நான்கு பாடல்கள் இருக்கின்றன. கிரந்தத்தை வாசிப்பவரான கிரந்தி ஒவ்வொன்றையும் வாசித்து முடித்ததும், ராகிகள் எனப்படும் பாடகர்கள் ஆர்மோனியம், தபலாவோடு அதையே பாட, மாப்பிள்ளை முன்னும் பெண் பின்னுமாக கிரந்தத்தை ஒருமுறை வலம் வருவார்கள். நான்கு பாட்டு, நான்கு சுற்று. பாட்டில் பேசப்படுவது ஆன்மா இறைவனோடு கலப்பது பற்றி. மாப்பிள்ளை கையில் நீளமான வாள் இருக்கும், பயந்துவிடாதீர்கள்.

முடிவில் அர்தாஸ், அதாவது பொதுப் பிரார்த்தனை. எல்லோரும் எழுந்து கைகூப்பி நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். நடுநடுவே 'வாஹேகுரு' என்று கூட்டம் முழுக்கச் சொல்லும். அப்புறம் கிரந்தத்தை ஏதோ ஒரு பக்கத்தில் பிரித்து, அங்கே வரும் பாடலை வாசிப்பார்கள். ஹுக்கம்நாமா, அன்றைக்கு குரு இட்ட கட்டளை. கடைசியாகக் கடாஹ் பிரசாத்: கோதுமை மாவு, சர்க்கரை, நெய் மூன்றும் சம அளவில் போட்டுக் கிண்டிய அல்வா. உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் குவித்து வாங்குங்கள். நெய் விரலிடுக்கில் வழியும், புடவை பத்திரம்.

முகூர்த்தம் இல்லாதது அச்சுப் பிழை இல்லை. நாள் நட்சத்திரம், ஜாதகம் பார்த்துக் கல்யாணத் தேதி குறிக்கக் கூடாது என்று அவர்களுடைய நடத்தை விதித் தொகுப்பான ரெஹத் மர்யாதாவே சொல்கிறது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல் சுற்றி வந்தாலும், ராகு காலமாச்சே என்று தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.

லங்கர் என்பது குருத்வாராவின் பொதுச் சமையல். குருநானக் தொடங்கியது. பணக்காரர், ஏழை, எந்த சாதி, எந்த மதம் என்றில்லாமல் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வரிசைக்கு பங்கத் என்று பெயர். சைவம்தான். ரொட்டி வரும்போது தட்டை நீட்டாமல் இரண்டு கையையும் ஏந்தி வாங்குவது அங்கே மரியாதை. வேண்டிய அளவு கேட்டு வாங்குங்கள், மிச்சம் வைக்காதீர்கள். சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவப் போனால் சந்தோஷமாக இடம் விடுவார்கள், அதுவும் சேவைதான்.

மாப்பிள்ளையின் முடி விஷயம். 1699 வைசாகித் திருநாளன்று ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சாவைத் தொடங்கினார். தீட்சையாக அமிர்தம் பெற்று அதில் சேர்ந்தவர் அம்ரித்தாரி. வெட்டாத முடி, சீப்பு, இரும்புக் காப்பு, உள்ளாடையான கச்செரா, கிர்பான் என்ற வாள் ஆகிய ஐந்தும் அவருக்குக் கட்டாயம். அமிர்தம் பெறாமல் முடி மட்டும் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அதையும் வெட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இது சரியா என்று அவர்கள் வீடுகளுக்குள்ளேயே சண்டை உண்டு. கல்யாண வீட்டில் நாம் கேட்கிற கேள்வி இல்லை அது.

மொய்க் கவரை கோலக்கில் போட்டுவிடாதீர்கள். மொய்க்கு அங்கே ஷகுன் என்று பெயர். 501, 1101 என்று ஒன்றில் முடியும்படி வைத்து, பிறகு மண்டபத்தில் நடக்கும் வரவேற்பில் மணமக்கள் கையில் கொடுங்கள். பெரியவர்களைப் பார்த்தால் கைகூப்பி 'சத் ஸ்ரீ அகால்' என்றால் போதும்.