அறுந்த மின்கம்பியும் காட்டுத்தீயும்: கேட்டவற்றுக்குப் பதில்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மின்லைன் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, 2009 "கருப்புச் சனிக்கிழமை" தீ முழுக்க மின்கம்பியால்தானா?

முழுக்க இல்லை. பிப்ரவரி 7 அன்று தொடங்கிய 11 பெருந்தீகளில் ஐந்து மின்சாதனக் கோளாறால் வந்தவை என்றது, தீயை விசாரிக்க அரசு அமைத்த ராயல் கமிஷன். இறந்த 173 பேரில் 119 பேரைக் கொன்றது கில்மோர் ஈஸ்ட் என்ற ஊரில் தொடங்கிய தீ. அது மின்கம்பியால் வந்ததுதான்.

கேள்வி: அங்கே என்னதான் ஆச்சு?

இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். பள்ளத்தாக்கைத் தாண்டிப் போகும் ஒற்றை எஃகுக் கம்பி. அதன் நுனியைப் பிடித்திருக்கும் சுருள், ஒரு வளையத்தின் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார வேண்டும். இது விலகி உட்கார்ந்திருந்தது. காற்றில் கம்பி ஓயாமல் அதிரும். அதனால் ஒரே இடத்தில் வளைந்து வளைந்து இழைகள் விட்டுப்போயின. கட்டுக்கம்பியைக் கையால் மாற்றி மாற்றி வளைத்து ஒடிப்போமே, அதேதான். முற்பகல் 11.45 மணி வாக்கில் அறுந்து, கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே வயரில் பட்டுப் பொறி பறந்தது. கீழே காய்ந்த புல். அன்று மெல்பர்னில் வெயில் 46.4 டிகிரி.

கேள்வி: லைனைச் சோதிக்கவே இல்லையா?

முந்தைய ஆண்டுதான் சோதித்திருந்தார்கள். அந்த விலகல் கண்ணில் படவில்லை. எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். உச்சியில் விரலளவு விலகியிருப்பதைத் தரையிலிருந்து பார்த்துப் பிடிக்க, எதைத் தேடுகிறோம் என்று பார்ப்பவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இந்தத் தீயில் பாதிக்கப்பட்டவர்கள் போட்ட வழக்கு 2014-ல் சுமார் 494 மில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசமாக முடிந்தது.

கேள்வி: கம்பி அறுந்தால் ஃபியூஸ் போகாதா சார்?

எப்போதும் போகாது. காய்ந்த மண்ணில் விழுந்த கம்பி வழியாகக் கொஞ்சம் கரண்ட்தான் ஓடும். ஃபியூஸுக்கு அது சாதாரண லோடு மாதிரித் தெரியும். கில்மோரில் இருந்த ஒற்றைக் கம்பி முறையில் இது இன்னும் மோசம். அங்கே கரண்ட் திரும்பிப்போகும் வழியே பூமிதான். கூடவே, லைன் டிரிப் ஆனதும் தானாக மறுபடி சப்ளை கொடுக்கும் ரீகுளோசர். மரக்கிளை தட்டிய நாளில் அது நல்லது. தீ அபாய நாளில் அது அறுந்த கம்பிக்கு மறுபடி உயிர் கொடுக்கிறது. ஒற்றைக் கம்பி லைன்களில், தீ அபாயம் மிக அதிகமான ஆறு வாரங்களுக்கு அதை நிறுத்தி வைக்கச் சொன்னது கமிஷன்.

கேள்வி: அப்புறம் என்ன மாற்றினார்கள்?

22 கிலோவோல்ட் மூன்று ஃபேஸ் லைன்களுக்கு, துணை மின்நிலையத்திலேயே ஒரு கருவி வைத்தார்கள். ஒரு ஃபேஸ் தரையைத் தொட்டதும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அந்த ஃபேஸின் வோல்டேஜை அமுக்கிவிடும். புல் பற்றும் அளவுக்குச் சூடேறாது. ஒற்றைக் கம்பி லைனுக்கு இது உதவாது. அங்கே புது ரக ரீகுளோசர்கள்தான்.

கேள்வி: எல்லாவற்றையும் பூமிக்கடியில் புதைத்துவிடலாமே?

அபாயம் மிக அதிகமான இடங்களில் புதைக்கிறார்கள். மாநிலம் முழுக்க என்றால் செலவு தாங்காது.

கேள்வி: அண்ணா, கம்பி அறுந்து ரோட்டில் கிடந்தால்?

செத்த கம்பி என்று நினைக்காதீர்கள். குறைந்தது 8 மீட்டர் தள்ளி நின்று 000-க்கு அழையுங்கள். கார் மேல் விழுந்திருந்தால் உள்ளேயே இருங்கள். சப்ளையை நிறுத்திவிட்டதாக லைன் ஆட்கள் வந்து சொன்ன பிறகு இறங்கினால் போதும்.