பொக்கை விழுந்த சமையல் கத்தியை வீட்டிலேயே தீட்டுவது எப்படி?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “காய் நறுக்கும் எவர்சில்வர் கத்தியின் வாயில் மூன்று இடங்களில் பொக்கை விழுந்துவிட்டது. பெரியது ஒரு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். முன்பெல்லாம் தெருவில் வரும் சாணைக்காரர் இப்போது வருவதில்லை. இதை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? அதே கல்லில் பழைய இரும்பு அரிவாள்மணையையும் தீட்டலாமா?”

இரண்டுக்கும் முடியும் என்பதுதான் பதில். ஆனால் விழுந்த பொக்கையை நிரப்ப வழியே இல்லை என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். பொக்கையின் அடிமட்டம் வரை மற்ற வாய் முழுவதையும் தேய்த்துக் கீழிறக்குவதுதான் பழுதுபார்ப்பு. ஒரு மில்லிமீட்டர் பொக்கைக்கு, கத்தியின் அகலத்தில் ஒரு மில்லிமீட்டரை முழு நீளத்துக்கும் இழக்கத்தான் வேண்டும். அதற்கு மேல் இழக்காமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை.

வேலையைத் தொடங்குவதற்கு முன் கத்தியை நல்ல வெயிலில் பிடித்து, ஒவ்வொரு பொக்கையின் மேல்முனையிலிருந்தும் முதுகை நோக்கி மயிரிழை போன்ற விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அந்தக் கத்தியைத் தீட்டிப் பயனில்லை. அது வேலையின் நடுவே உடைந்து கையைப் பதம் பார்க்கும். பொக்கை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாக இருந்தாலும் கையால் தேய்ப்பது வீண் உழைப்பு. மாறாக, சில்லு பெயராமல் வாய் ஒரு பக்கமாக மடிந்து மட்டும் இருந்தால் அது பொக்கையே அல்ல, சாதாரணத் தீட்டலிலேயே அது நிமிர்ந்துவிடும்.

கடைகளில் கிடைக்கும், இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே கத்தியை இழுக்கும் கருவியைப் பொக்கை விழுந்த கத்திக்குப் பயன்படுத்த வேண்டாம். தகடு பொக்கையின் ஓரத்தில் மாட்டிக்கொண்டு அதை மேலும் பெயர்த்துவிடும். வெல்டிங் பட்டறைகளின் மின்சாரச் சாணைச் சக்கரத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. கத்தியின் வாய் தாளைப் போல மெல்லியது என்பதால், தண்ணீரில்லாமல் சுழலும் சக்கரத்தில் ஓரிரு நொடிகளிலேயே அது சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் கடினம் குறைந்துபோகும். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. ஆழமான பொக்கைக்காகப் பட்டறைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து அடிக்கடி நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். முரட்டு வேலையை மட்டும் அங்கே முடித்துக்கொண்டு, கூர் வைப்பதை வீட்டில் நீங்களே செய்யலாம்.

இரும்புக் கடைகளில் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் வழுவழுப்பாகவும் இருக்கும் சாணைக்கல் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. இது பெரும்பாலும் சிலிக்கன் கார்பைடு என்னும் செயற்கைப் பொருள். அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் 1891இல் இதைத் தயாரிக்கும் முறையைக் கண்டார். ஆற்று வண்டல் படிந்த நம் டெல்டாவில் மண்ணைத் தோண்டினால் கல் கிடைக்காது. வாசற்படிக் கருங்கல்லிலும் அம்மியின் ஓரத்திலும் தீட்டிய வழக்கம், வீட்டில் இருந்த ஒரே கல் அதுதான் என்பதால் வந்திருக்கலாம். கருங்கல்லின் மணிகள் ஒரே சீராக இருப்பதில்லை. அரிவாளுக்கு அது போதும், மெல்லிய எவர்சில்வர் கத்திக்குப் போதாது.

கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊற வைத்து, குமிழி அடங்கியதும் எடுத்து, ஈரத் துணியை நான்காக மடித்து அதன்மேல் வையுங்கள். ஈரத் துணி இருந்தால் கல் நகராது. கல்லில் ஒருமுறை எண்ணெய் விட்டுவிட்டால் பிறகு தண்ணீரை அது சரியாக ஏற்காது. ஆகவே முதலிலிருந்தே தண்ணீரோடு நின்றுவிடுவது நல்லது. கல் கிடைக்காவிட்டால், பெயின்ட் கடையில் விற்கும் கறுப்பு வாட்டர் பேப்பரில் 120, 400, 1000 ஆகிய எண்களை வாங்கி, தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் ஈரத்தோடு ஒட்டிப் பயன்படுத்தலாம். அதில் கத்தியை முதுகுப் பக்கமாக மட்டுமே இழுக்க வேண்டும். வாய்ப் பக்கமாகத் தள்ளினால் தாள் கிழியும்.

முதல் கட்டம் பார்ப்பதற்குக் கொடுமையாக இருக்கும். கல்லின் சொரசொரப்பான முகத்தில், அதன் ஓரமாக, கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, கல்லையே நறுக்கப் போவதைப் போல மெல்ல இழுக்க வேண்டும். அடிமுதல் நுனிவரை, வாயின் வளைவு எப்படியோ அப்படியே கையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பொக்கை இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே குழி விழுந்து, பிறகு பலகையில் நறுக்கும்போது வெண்டைக்காய் ஒன்றோடொன்று தொங்கிக்கொண்டு வரும். பொக்கைகள் மறையும் வரை இதைச் செய்யுங்கள். இப்போது கத்தி முழு மொக்கை. வாயை விளக்குக்கு நேராகப் பிடித்தால் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு மின்னும். கூரான வாயில் வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இல்லை. மின்னினால் அங்கே தட்டை இருக்கிறது என்று பொருள். இனி அந்தக் கோட்டை அழிப்பதுதான் வேலை.

இரண்டாம் கட்டத்தில் கோணம் முக்கியம். சமையல் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 20 பாகை அளவு பொருந்தும். கத்தியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் ஏறக்குறைய அந்தக் கோணம் வரும். 45 மில்லிமீட்டர் அகலமான கத்திக்கு 15 மில்லிமீட்டர். ஒரு தாளின் மூலையைப் பாதியாக மடித்தால் 45 பாகை, இன்னொரு முறை மடித்தால் 22.5, அந்த மடிப்பைக் கல்லின் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டுக்கொள்ளலாம். தீட்டும் சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை வாயோரத்தில் மட்டும் அழிந்தால் முதுகு அதிகமாகத் தூக்கியிருக்கிறது. மேலே மட்டும் அழிந்தால் படுத்திருக்கிறது.

வெள்ளைக் கோடு பாதியாகும் வரை ஒரு பக்கத்தைத் தேய்த்து, பிறகு மறுபக்கத்துக்கு மாறுங்கள். கோடு முழுதும் மறையும் தறுவாயில், தேய்க்காத பக்கத்தில் பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிசிறை விரல் அறியும்: கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கிக் குறுக்காக நழுவவிட்டால் சொரசொரவென்று தடுக்கும். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. பயமாக இருந்தால் பழைய வேட்டித் துணியால் தடவிப் பாருங்கள், நூல் மாட்டும். அடியிலிருந்து நுனிவரை ஓரிடம் விடாமல் பிசிறு தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. வீட்டுத் தீட்டலில் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்: பிசிறு எழும் முன்பே வழுவழுப்பான பக்கத்துக்குப் போய்விட்டு, கல் சரியில்லை என்று குறை சொல்கிறோம்.

இதெல்லாம் முடிய அரைமணி நேரத்துக்குக் குறையாது. ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கல்லின்மேல் சேரும் சாம்பல் நிறச் சேற்றை உடனுக்குடன் கழுவிவிட வேண்டாம், அதுவும் சேர்ந்துதான் தேய்க்கிறது. பிறகு கல்லைத் திருப்பி, வழுவழுப்பான பக்கத்தில் அதே கோணத்தில், கத்தியின் எடையைத் தவிர அழுத்தமே கொடுக்காமல், ஒரு பக்கம் ஒரு முறை மறுபக்கம் ஒரு முறை என்று மாற்றி மாற்றித் தீட்டுங்கள். பிசிறு இங்குமங்கும் மடிந்து மெலிந்து உதிரும். கடைசியாக, பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியில் மெருகில்லாத வளையத்தில் நாலைந்து முறை இழுத்தாலே மிச்சம் போய்விடும். பழுத்த தக்காளியின் தோலில் அழுத்தாமல் வைத்து இழுங்கள். வழுக்காமல் இறங்கினால் தேறிவிட்டது.

கத்தி எப்போதும் முதுகுப் பக்கம் தடித்தும் வாய்ப் பக்கம் மெலிந்தும் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் மேலேறியதால் புதிய வாய் சற்றுத் தடித்த இடத்தில் அமைகிறது. தக்காளியை அறுத்தாலும் கேரட்டைப் பிளக்கும்போது முரண்டு பிடித்தால் காரணம் இதுதான். 10 பாகை அளவுக்குத் தாழ்த்திப் பிடித்து இரு பக்கத்தையும் சொரசொரப்பான கல்லில் சற்று மெலிய வைத்துவிட்டு, மீண்டும் 20 பாகையில் வாய் வைக்க வேண்டும்.

அரிவாள்மணையையும் அதே கல்லில் தீட்டலாம். ஆனால் மணை அசையாது என்பதால் கல்தான் கைக்கு வர வேண்டும். சிறிய கல்லாகப் பார்த்து எடுத்து, மணையைக் காலால் அழுத்திக்கொண்டு, கல்லை எப்போதும் வாயிலிருந்து முதுகை நோக்கி விலக்கித் தேயுங்கள். கை நழுவினாலும் வாயின் மேல் விழாது. பழைய இரும்பு எளிதில் கூராகும், எளிதில் மழுங்கவும் செய்யும். ஆகையால் மாதம் ஒருமுறை லேசாகத் தீட்டுவதே அதற்குப் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரே இரவில் துருவேறும் என்பதால், வாழைக்காயோ புளித்த மாங்காயோ நறுக்கியதும் கழுவித் துடைத்து, துணியில் தொட்ட தேங்காய் எண்ணெயை மெல்லிசாகப் பூசி வையுங்கள்.

மூன்று பொக்கைகளும் எப்படி விழுந்தன என்று நீங்கள் எழுதவில்லை. பட்டுக்கோட்டைத் தேங்காய் மலிந்த வட்டாரத்தில், உடைத்த மூடியில் கத்தி நுனியைச் செருகிப் பத்தையை நெம்பி எடுப்பதுதான் வழக்கமான காரணம். மெல்லிய வாய் கீழ்நோக்கிய அழுத்தத்தைத் தாங்கும், பக்கவாட்டில் திருகினால் பெயர்ந்துவிடும். அந்த வேலைக்கு மொக்கையான ஒரு பழைய கத்தியைத் தனியே ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தீட்டவே வேண்டாம்.