ரெண்டு சக்கரம் கேள்வி-பதில்: பஸ்காரருக்குக் கேக்குற ஹார்ன் எது?

இந்த தடவ வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஹார்ன் பத்திதான். கடலூர்-பாண்டி ரோட்டுல டெய்லி போய்ட்டு வர்றவங்க நெலம தெரிஞ்சதுதான், அதனால செயின் ஸ்பிராக்கெட், டயர் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

*கேள்வி: அரியாங்குப்பத்துலேந்து கடலூர் சிப்காட்டுக்கு 150 சிசி பைக்ல வரேன். பஸ்காரங்க கன்னியக்கோவில் தாண்டுனா ஏறிக்கிட்டே வராங்க, என் ஹார்ன் எனக்கே சரியா கேக்கல. பேசாம ஏர் ஹார்னே மாட்டிடலாமான்னு இருக்கேன். ஃப்ரெண்டு கார் ஹார்ன் ரெண்டு போதும்ங்கறான். எது நல்லது?*
- ஷிஃப்ட் வேலைக்குப் போற வாசகர், அரியாங்குப்பம்

உங்க ஃப்ரெண்டு சொல்றதுதான் சரி. ஏர் ஹார்ன் வேணாம் தம்பி. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல 119வது விதி இருக்கு, காதக் கிழிக்கிற மாதிரி, மிரள வைக்கிற மாதிரி சத்தம் போடுற எதையும் வண்டில மாட்டக்கூடாது, அடுத்தடுத்து வேற வேற சத்தம் வர்ற ஹார்னும் கூடாதுன்னு அதுல இருக்கு. இது மத்திய விதி, அதனால பாண்டி நம்பரா இருந்தாலும் கடலூர் டிஎன் 31ஆ இருந்தாலும் ஒண்ணுதான், பார்டர் தாண்டுனா மாறாது. சத்த விஷயத்துல விதி மீறுனா 2019 திருத்தத்துக்கு அப்புறம் சட்டப் புத்தகத்துல 10,000 ரூபா வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயில், லைசென்ஸ் மூணு மாசம் போயிடும்னு இருக்கு. பஸ்காரன் மட்டும் வச்சிருக்கானேன்னு கேப்பீங்க. அவனும் வச்சிருக்கக் கூடாதுதான், செக்கிங்ல கழட்டிக்கிட்டுதான் போறாங்க.

சட்டத்த விடுங்க, ஏர் ஹார்னுக்குக் கம்ப்ரஸர் வேணும், அது இழுக்குற கரண்ட்டுக்கு உங்க பேட்டரி ரொம்ப நாள் தாங்காது, எடமும் இல்ல.

இப்ப கார் ஹார்னுக்கு வருவோம். வண்டியோட வந்தது வட்டமா தட்டையா இருக்குற டிஸ்க் ஹார்ன், பெரும்பாலும் ஒண்ணே ஒண்ணு, ரெண்டு ஆம்பியர் சுமாருக்கு இழுக்கும். கார்ல மாட்டுறது நத்த ஓடு மாதிரி சுருண்டு இருக்கும், கடைல விண்ட்டோன்னு கேளுங்க, கோயம்புத்தூர்ல தயாராகுற ரூட்ஸ் இருக்கு, மிண்டா, பாஷ்னும் கெடைக்கும். ஜோடியாதான் வரும், ஒண்ணு ஹை, ஒண்ணு லோ, ஹை 500 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் லோ 400 பக்கம் இருக்கும். சில பேர் காசு மிச்சம்னு ஒண்ண மட்டும் வாங்கி மாட்டிட்டு கீச்சுனு கேக்குதுன்னு குறை சொல்லுவாங்க. ரெண்டும் சேந்தாதான் சத்தம் கெட்டியா வரும், முன்னாடி போறவன் பின்னாடி கார் வருதுனு நெனச்சு ஒதுங்குவான், அதுதான் இதுல இருக்குற வித்தையே.

டப்பால போட்டிருக்குற டெசிபல் நம்பர வச்சு ஏமாறாதீங்க. நல்ல கம்பெனின்னா எத்தன மீட்டர் தூரத்துல அளந்ததுன்னு போட்டிருப்பான், ரெண்டு மீட்டர்னு இருந்தா நம்பலாம். தூரத்த சொல்லாம 130, 150ன்னு பெருசா அச்சடிச்சிருந்தா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல, ஏன்னா தெறந்த வெளில தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் கொறைஞ்சிடும். ஒரே மாதிரி ரெண்டு ஹார்ன் போட்டா கூடுறது வெறும் 3 டெசிபல், காதுக்கு ரெண்டு மடங்கா தெரியணும்னா சுமார் 10 டெசிபல் கூடணும். அதனால ரெண்டு போட்டா டபுள் சத்தம்ங்கறது கடைக்காரர் கணக்கு.

இன்னொண்ணு. ஏசி போட்டு கண்ணாடி ஏத்தி பாட்டு ஓடுற காருக்கு எந்த ஹார்னும் லேட்டாதான் கேக்கும். 60ல போறப்ப ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போறீங்க, அவன் கேட்டு திரும்பிப் பாக்க ரெண்டு செகண்ட் ஆச்சுன்னா 33 மீட்டர் தாண்டியாச்சு. பஸ்ஸுக்கு எடது பக்கமா நொழஞ்சீங்கன்னா டிரைவர் கண்ணுக்கே தெரிய மாட்டீங்க, அங்கேந்து அடிக்கிற ஹார்ன் அவருக்கு எந்தப் பக்கம்னே புரியாது. வலது பக்கம் கண்ணாடில தெரியுற மாதிரி வந்து பகல்லயும் லைட்ட டிம் டிப் பண்ணிட்டு அப்புறம் ஹார்ன் அடிங்க.

*கேள்வி: ரெண்டு விண்ட்டோன் வாங்கிக் குடுத்தேன். மெக்கானிக் பழைய ஹார்ன் ஒயர்லயே நேரா குடுத்துட்டார். மொதல்ல நல்லாதான் அடிச்சுது, ஒரே வாரத்துல ஃபியூஸ் போச்சு. புதுசு போட்டா அதுவும் போகுது. இப்ப ஹார்ன் பட்டன் கூட சூடாகுது.*
- மீன் வியாபாரம் பண்ற வாசகர், கடலூர் முதுநகர்

அண்ணே, மொதல்ல அந்த ஹார்ன கழட்டி பழசையே மாட்டிட்டு வண்டிய எடுங்க, ஏன்னு சொல்றேன். நெறைய பைக்ல ஹார்ன், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் ஒரே ஃபியூஸ்லதான் ஓடும். ஹார்ன் அடிச்சு ஃபியூஸ் போனா பிரேக் லைட்டும் போயிடும், பின்னாடி மீன் பெட்டியோட போறப்ப நீங்க பிரேக் அடிக்கிறது லாரிக்காரனுக்குத் தெரியவே தெரியாது. ஹார்ன் இல்லாததவிட அது பெரிய ஆபத்து.

மெக்கானிக் மேல முழுசா தப்பு சொல்ல முடியாது, இத ஊரெல்லாம் இப்படித்தான் பண்றாங்க. ஆனா ரெண்டு விண்ட்டோனும் சேந்து 8லேந்து 10 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். கம்பெனி ஒயரும் பட்டனும் ரெண்டு ஆம்பியருக்காகப் போட்டது. மெல்லிசு ஒயர்ல 10 ஆம்பியர் ஓடுனா ஒயர்லயே ஒரு வோல்ட்டுக்கு மேல போயிடும், பட்டனுக்குள்ள கரண்ட் சேர்ற பாயின்ட்ல இன்னும் கொஞ்சம் போகும். அந்த வோல்ட்டுதான் சூடாகுது. ஹார்னுக்குப் போய்ச் சேர்றது 12க்குப் பதிலா பத்தரை, அப்ப காசு குடுத்து வாங்குன ஹார்னும் முழு சத்தம் போடாது. நல்ல ஹார்ன் கெட்ட ஹார்ன்னு பேசுறாங்களே, அதுல முக்காவாசி ஒயர் பிரச்சினதான்.

இதுக்கு ரிலே போடணும், அதாவது பட்டன்லேந்து வர்ற சின்ன கரண்ட்ட வச்சு ஹார்னோட பெரிய கரண்ட்ட ஆன் பண்ற சுவிட்ச். 12 வோல்ட், 30 ஆம்பியர், நாலு கால் ரிலே எலக்ட்ரிக்கல் கடைல சீப்பாவே கெடைக்கும், அடில கால் பக்கத்துல 30, 85, 86, 87ன்னு நம்பர் இருக்கும். பேட்டரி பிளஸ்லேந்து 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் ஒண்ணு எடுத்து, பேட்டரிக்குப் பக்கத்துலயே, ஒரு சாண் தூரத்துக்குள்ள 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒண்ணு வச்சு, அந்த ஒயர ரிலேல 30க்குக் குடுங்க. 87லேந்து ரெண்டு ஹார்னோட பிளஸ்ஸுக்கும். ஹார்னோட இன்னொரு காலு நேரா பேட்டரி மைனஸுக்கு, இல்லன்னா பெயின்ட் சொரண்டுன சேசிஸ் போல்ட்டுக்கு. பழைய ஹார்ன்ல மாட்டியிருந்த ரெண்டு ஒயரும் 85க்கு ஒண்ணு 86க்கு ஒண்ணு. சில வண்டில பட்டன் பிளஸ்ஸ கட் பண்ணும், சில வண்டில எர்த்த கட் பண்ணும், இப்படிக் குடுத்தா ரெண்டுக்குமே வேல செய்யும், எதுன்னு தேட வேணாம். இப்ப பட்டன்ல ஓடுறது ரிலே காயிலுக்கான துளியூண்டு கரண்ட்தான், பட்டன் ஆயுசுக்கும் இருக்கும்.

ரெண்டு விஷயம் கவனிங்க. ரிலே மேல டயோடு (கரண்ட ஒரே பக்கமா மட்டும் விடுறது) படம் போட்டிருந்தா 85, 86ல பிளஸ் மைனஸ் மாத்திக் குடுக்கக் கூடாது. அப்புறம் கடைக்காரர் அஞ்சு கால் ரிலே குடுத்தா நடுவுல இருக்குற 87ஏ கால விட்டுடுங்க, அதுல ஹார்ன மாட்டுனா பட்டன் அமுக்காமலே தெருவே எழுந்துக்கும்.

ஒயர வெட்டி முறுக்கி டேப் சுத்துறது நம்ம ஊருக்கு ஆகாது. கடல் காத்துக்கு அந்த ஜாயின்ட் பச்ச பூத்து நிக்கும். ஒயர் முனைல லக்குங்கற உலோக முனைய வச்சு அமுக்கி கிரிம்ப் பண்ணி ஹீட் ஸ்லீவ் போடச் சொல்லுங்க, மாட்டுறதுக்கு முன்னாடி ஹார்ன், ரிலே கால்ல கொஞ்சம் வாஸ்லின் தடவுங்க. கம்பெனி கப்ளர வெட்டாம அதுக்குள்ளயே சொருகுற மாதிரி லக் போட்டா கம்பெனி ஒயர் வெட்டுப்படாம இருக்கும்.

*கேள்வி: ஃபெஞ்சல் புயல்ல எங்க தெருல தண்ணி நின்னு ஸ்கூட்டர் பாதி முழுகிடுச்சு. இஞ்சின் சரி பண்ணியாச்சு, ஆனா ஹார்ன் அதுலேந்து கரகரன்னுதான் அடிக்குது. ஷோரூம்ல பெரிய ஹார்ன் போடுங்கங்கறாங்க. போடணுமா?*
- இல்லத்தரசி, ரெயின்போ நகர், புதுச்சேரி

போட வேணாம்மா. 2024 நவம்பர் 30 ராத்திரி அந்தப் புயல் கரைய கடந்தப்ப ஊர்ல முழுகாத ஸ்கூட்டரே கம்மி, ஸ்கூட்டர்ல ஹார்ன் முன்பக்க மூடியான ஏப்ரனுக்குள்ள கீழ்ப்பக்கமா இருக்கும், மொதல்ல தண்ணி போறதே அங்கதான்.

ஹார்னுக்குள்ள இருக்குறது ஒரு காந்தக் காயில், ஒரு இரும்புத் தகடு, ஒரு பாயின்ட். கரண்ட் வந்தா காயில் தகட்ட இழுக்கும், இழுத்ததும் பாயின்ட் விட்டுடும், தகடு திரும்பும், மறுபடி பாயின்ட் சேரும், இது செகண்டுக்கு நானூறு தடவ நடக்குறதுதான் சத்தம். தகடோ பாயின்ட்டோ துரு புடிச்சா கரகரப்பு.

வாங்குறதுக்கு முன்னாடி செலவில்லாம ரெண்டு டெஸ்ட். இஞ்சின் ஐடில்ல இருக்கறப்ப ஹார்ன் அடிங்க, அப்புறம் ஆக்ஸிலரேட்டர் கொஞ்சம் கூட்டி அடிங்க. கூட்டுனா சத்தம் நல்லா வந்தா பேட்டரி வீக், ஹார்ன் மேல தப்பு இல்ல. ரெண்டுலயும் கரகரன்னா மெக்கானிக்க விட்டு ஹார்னோட ரெண்டு கால்லயும் மீட்டர் வச்சு, பட்டன அமுக்கிக்கிட்டே வோல்ட் பாக்கச் சொல்லுங்க. 11க்குக் கீழ காட்டுனா பேட்டரி, ஒயர், கப்ளர், பட்டன், இதுல ஏதோ ஒண்ணு. 12 பக்கம் வந்தும் கரகரன்னா ஹார்ன்தான்.

ஹார்னா இருந்தா பின்னாடி சின்ன ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும், சிலதுல பெயின்ட் வச்சு மூடியிருப்பான். அத கால் சுத்து கால் சுத்தா திருப்பி அடிச்சுப் பாக்கலாம், சத்தம் தெளியுற எடத்துல நிறுத்திடணும், ரொம்ப திருப்புனா சுத்தமா நின்னுடும். அதுக்கும் சரியாகலன்னா அதே சைஸ் அதே மாடல் புதுசு ஒண்ணு மாட்டுங்க, சில நூறு ரூபாதான். ஹார்ன் வாயில குளவி மண்ணு வச்சு கூடு கட்டியிருந்தாலும் சத்தம் அடைக்கும், ரொம்ப நாள் நிறுத்தி வச்ச வண்டில இது சகஜம், அதையும் எட்டிப் பாத்துக்கோங்க.

*கேள்வி: நாய் குலைக்கிற மாதிரி, குழந்த அழுவுற மாதிரி, பதினெட்டு டியூன் ஹார்ன் ஆன்லைன்ல வருது. ரோட்டுல போறவங்களுக்கு காமெடியா இருக்கும்னு நெனச்சேன்.*
- கல்லூரி மாணவர், சிதம்பரம் ரோடு

மேல சொன்ன 119வது விதி உனக்காகவே எழுதுனது தம்பி. ரோட்டுல குழந்த அழுவுற சத்தம் கேட்டு எவனாவது திடீர்னு பிரேக் அடிச்சா பின்னாடி வந்து மோதப் போறதும் நீதான்.

*கேள்வி: விண்ட்டோன் ஹார்ன எங்க மாட்டுறது? ஃபோர்க்குக்கு நடுவுல மாட்டுனேன், பள்ளத்துல எறங்குனா டக்குனு மட்கார்டுல இடிக்குது.*
- தனியார் ஊழியர், தவளக்குப்பம்

ஃபோர்க் அமுங்குறப்ப மட்கார்டு மேல ஏறி வரும், அந்த இடைவெளிய கணக்குல எடுத்துக்காம மாட்டியிருக்கீங்க. பெரும்பாலான பைக்ல டேங்குக்குக் கீழ சேசிஸ் முன் பைப் ரெண்டு பக்கமும் எடம் இருக்கும், இஞ்சின் கார்டு இருந்தா அதுலயும் மாட்டலாம். மாட்டிட்டு ஹேண்டில லெஃப்ட் கடேசி வரைக்கும் ரைட் கடேசி வரைக்கும் திருப்பிப் பாருங்க, ஃப்ரண்ட் பிரேக் புடிச்சு வண்டிய நல்லா அமுக்கிப் பாருங்க, எங்கயும் ஒயர் இழுபடக் கூடாது. ஹார்ன் வாய் கீழ பாத்து இருக்கணும், மேல பாத்தா மழத்தண்ணி தேங்கும். வாட்டர் சர்வீஸ் விடுறப்ப ஹார்ன் வாயில தண்ணி பைப்ப வச்சு அடிக்க வேணாம்னு சொல்லிடுங்க.

கூட வர்ற தகடு பிராக்கெட்ட தூக்கிப் போட்டுட்டு கனமான இரும்பு பட்டைல வெல்டிங் வச்சு இறுக்கிடறாங்க பாருங்க, அது வேணாம். ஹார்ன் கொஞ்சம் அதிர்ந்தாதான் சத்தம் முழுசா வரும், அந்தத் தகடு வளையுறதுக்காகவே போட்டது.

*கேள்வி: ரிடையர்டு ஆசிரியர் நான். எங்க வீட்டு வாசல்ல ராத்திரி பதினோரு மணிக்கு ஹார்ன் அடிச்சுக்கிட்டே போறாங்க. நீங்க வேற இதுக்கு ஐடியா குடுக்குறீங்களே, நியாயமா?*
- மஞ்சக்குப்பம்

கோவம் நியாயம்தான் சார். சத்த மாசு விதிகள் 2000 படி ராத்திரி 10லேந்து காலைல 6 வரைக்கும் குடியிருப்புப் பகுதில ஹார்ன் அடிக்கக் கூடாது, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு சுத்தி 100 மீட்டருக்கு அமைதிப் பகுதின்னு அறிவிச்ச எடத்துல பகல்லயும் கூடாது. தேவையில்லாம அடிச்சா மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப்ல மொத தடவ 1,000, அடுத்து 2,000. ஜிப்மர் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு பாருங்க, இந்த விதி எத்தன பேருக்குத் தெரியும்னு புரியும். நான் ஐடியா குடுக்குறது ஹைவேல உயிருக்குப் பயந்து போறவங்களுக்கு, உங்க தெருவுல அடிக்கிறவனுக்கு இல்ல. வேணும்னா ஹார்ன் ஒயர்ல ஒரு சின்ன சுவிட்ச் வச்சு ஊருக்குள்ள பழைய ஹார்ன், ஹைவேல புதுசுன்னு மாத்திக்கலாம், நம்ம வாசகருங்க அத செய்யட்டும்.

*கேள்வி: என்கிட்ட இருக்குறது பழைய 100 சிசி, வீட்டுக்காரம்மாகிட்ட எலக்ட்ரிக் ஸ்கூட்டர். ரெண்டுக்கும் விண்ட்டோன் போடலாமா?*
- வில்லியனூர் வாசகர்

பழைய 100 சிசில பெரும்பாலும் பேட்டரி 2.5, 3 ஆம்பியர் அவர்தான் இருக்கும், கிக்கர் மட்டும் இருக்குற வண்டின்னா சின்னதாதான் இருக்கும். அதுல ஜோடி வேணாம், நல்ல டிஸ்க் ஹார்ன் ஒண்ணு, கூட ரிலே, அது போதும், சத்தத்துல வித்தியாசம் உடனே தெரியும். பேட்டரி ரொம்ப பழசுன்னா மொதல்ல அத மாத்துங்க.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ல பெரிய பேட்டரிலேந்து 12 வோல்ட்டா கொறச்சுக் குடுக்க ஒரு கன்வெர்ட்டர் இருக்கும், லைட், ஹார்ன், டிஸ்ப்ளே எல்லாம் அதுலதான் ஓடுது. சில மாடல்ல தனியா 12 வோல்ட் பேட்டரியே கெடையாது. விண்ட்டோன் இழுக்குற இழுப்புல கன்வெர்ட்டர் கட் ஆனா லைட்டும் சேந்து போயிடும், அதுவும் ராத்திரில. கம்பெனி ஹார்ன் எத்தன ஆம்பியரோ அதே ஆம்பியர்ல வேற ஹார்ன் கெடைச்சா மாத்துங்க, அதுவும் சர்வீஸ் சென்டர்ல கேட்டுட்டு. இல்லன்னா கைய வைக்காதீங்க.