பட்டறைக் கேள்வி பதில்: கிரீன்ஃபீல்டில் கட்டிய கார்

கேள்வி: அமெரிக்காவில் முதல் கார் கம்பெனி ஃபோர்டுதானே?
– கல்லூரி மாணவர், வேலந்தாவளம்

இல்லை தம்பி. ஃபோர்டு மோட்டார் கம்பெனி 1903இல்தான் வந்தது. அதற்கு முன்பே மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் சார்லஸ் துரியே, ஃபிராங்க் துரியே என்ற அண்ணன் தம்பி இருவர் கார் செய்தார்கள். சைக்கிள் தொழிலில் இருந்தவர்கள். 1893 செப்டம்பரில் முதல் வண்டியைத் தெருவில் ஓட்டிக் காட்டினார்கள். 1895 நவம்பர் 28 அன்று சிகாகோவில் பனி கொட்டிக் கிடந்த சாலையில் ஒரு பந்தயம் நடந்தது. கிளம்பிய 6 வண்டிகளில் 2தான் எல்லையைத் தொட்டன, ஜெயித்தவர் ஃபிராங்க். மறு வருஷம் ஒரே அளவில், ஒரே அமைப்பில் 13 வண்டிகள் செய்து விற்றார்கள். அப்புறம் சகோதரர்களுக்குள் ஒத்துவரவில்லை, 1898இல் கம்பெனி முடிந்தது. முதல் வண்டி யாருடைய கைவேலை என்ற சண்டை மட்டும் பல வருஷம் ஓடியது.

கேள்வி: ஐயா, எங்க அப்பாரு சவாரி வண்டி செஞ்சவருங்க. பஸ்ஸும் காரும் வந்ததும் வண்டிப் பட்டறைகள் மூடிப்போச்சுன்னு சொல்லுவாரு. அமெரிக்காவில் குதிரை வண்டி செய்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களில் யாராவது கார் கட்டிப் பார்த்தார்களா?
– வாசகர், கோபாலபுரம்

கட்டிப் பார்த்தார்கள். அவர்களில் நான் மிகவும் மதிக்கிற ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

சார்லஸ் ரிச்சர்ட் பாட்டர்சன் 1833இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். ஒஹாயோ மாநிலத்தில் கிரீன்ஃபீல்டு என்ற சிற்றூருக்கு வந்து கொல்லுவேலை கற்றார், குதிரை வண்டிப் பட்டறையில் சேர்ந்து கைதேர்ந்தார். 1873இல் ஜே.பி. லோவ் என்ற வெள்ளைக்காரரோடு கூட்டாகத் தொழில் தொடங்கினார். 1893இல் கூட்டாளியின் பங்கையும் வாங்கித் தனி முதலாளி ஆனார். அந்த நாட்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து அப்போது 28 வருஷம்தான் ஆகியிருந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் அந்தப் பட்டறையில் சேர்ந்து வேலை பார்த்தார்கள். மழையிலும் குளிரிலும் நோயாளி வீட்டுக்குப் போகிற டாக்டர்களுக்கென்று அவர்கள் செய்த மூடுவண்டிக்கு நல்ல பெயர்.

உங்கள் அப்பாருக்கு அந்தப் பட்டறை அந்நியமாகத் தெரிந்திருக்காது. சக்கரத்துக்குக் குடம் கடைந்து, ஆரக்கால் அடித்து, வட்டை கோத்து, இரும்புப் பட்டாவை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்குவது இங்கேயும் அங்கேயும் ஒரே வேலைதான். மரம் மட்டும் வேறு.

சார்லஸ் 1910இல் காலமானார். பொறுப்புக்கு வந்த மகன் ஃபிரெடரிக் டக்ளஸ் பாட்டர்சன் படித்தவர். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ஆடிய முதல் கறுப்பின மாணவர். கென்டக்கியில் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டுக் குடும்பத் தொழிலுக்குத் திரும்பியிருந்தார். தெருவில் குதிரை குறைந்து கார் கூடுவதை அவர் கண்டுகொண்டார். எடுத்த எடுப்பில் கார் கட்டப் போகவில்லை. முதலில் ஊரார் கார்களுக்கு பெயின்ட், சீட் வேலை, ரிப்பேர் என்று கையில் எடுத்தார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அடுத்தவன் வண்டியைப் பிரித்து மாட்டினால்தான் எது சீக்கிரம் தேய்கிறது, எது நிற்கிறது என்று கைக்குத் தெரியும்.

1915 செப்டம்பர் 23 அன்று முதல் பாட்டர்சன்–கிரீன்ஃபீல்டு கார் வெளியே வந்தது. கறுப்பினத்தவர் சொந்தமாக நடத்திய முதல் அமெரிக்கக் கார் கம்பெனி இது. 4 சிலிண்டர், 30 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சினை வெளியே வாங்கிப் பொருத்தினார்கள். எஞ்சின் வார்க்க ஃபவுண்டரியும் பெரிய மெஷின்களும் வேண்டும், அதற்குத் தேவையான பணம் ஒரு சிற்றூர்ப் பட்டறையின் கைக்கு எட்டாது. பாடி, பெயின்ட், சீட் எல்லாம் அவர்கள் பரம்பரையாகச் செய்த வேலை. மின்சார ஸ்டார்ட்டரும் விளக்கும் உண்டு. கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டியதில்லை.

சரி, இவ்வளவு நல்ல வண்டி ஏன் நிலைக்கவில்லை? விலையைப் பாருங்கள். பாட்டர்சன் கார் 850 டாலர் வரை விற்றது. ஃபோர்டின் மாடல் டி காரும் 1908இல் அந்த விலையில்தான் தொடங்கியது. ஆனால் 1913இல் ஃபோர்டு ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் அசெம்பிளி லைன் போட்டார், அதாவது வண்டி நகர்ந்து வரும், ஆள் நின்ற இடத்திலேயே பாகத்தைப் பூட்டுவார். 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த சேசிஸ் (பாடியைத் தாங்குகிற அடிச்சட்டம்) வேலை, ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கியது. 1916இல் மாடல் டி 360 டாலர்! ஒவ்வொரு வண்டியையும் கையால் கட்டுகிற பட்டறை அந்த விலைக்கு இறங்கவே முடியாது. 1918 வாக்கில் பாட்டர்சன் கார் நின்றது. மொத்தம் செய்தவை 30 என்றும் 150 என்றும் கணக்குச் சொல்கிறார்கள். இன்று அதில் ஒரு கார்கூட மிச்சமில்லை.

இதை வைத்துத் தோற்றுப்போன கம்பெனி என்று எழுதுகிறவர்களை நான் ஏற்கமாட்டேன். கார்தான் நின்றது, பட்டறை நிற்கவில்லை. ஃபிரெடரிக் பஸ், லாரி பாடிக்கு மாறினார். யாரோடு விலையில் போட்டிபோட முடியவில்லையோ அந்த ஃபோர்டின் சேசிஸையே வாங்கி அதன் மேல் பாடி கட்டினார்! ஒஹாயோவின் பள்ளிக்கூட பஸ்கள் பல அங்கிருந்துதான் போயின. நானே மீனாட்சிபுரம் ரோட்டில் பாடி கட்டிப் பிழைத்தவன். பாலக்காட்டுப் பக்கத்து பஸ்ஸுக்கு ஜன்னலில் சுருட்டிக் கட்டுகிற படுதா, நம் பக்கத்து பஸ்ஸுக்கு ஷட்டர் என்று ஒரே கூரையின் கீழ் இரண்டும் செய்திருக்கிறோம். வருகிற சேசிஸுக்கும் முதலாளி கேட்கிற பாடிக்கும் நடுவில் எவ்வளவு மூளை வேலை இருக்கிறது என்று அறிந்தே சொல்கிறேன்: அந்த மாற்றம் சாதாரணமானதல்ல.

பிறகு பொருளாதார மந்தம் வந்தது. 1932இல் ஃபிரெடரிக் காலமானார். பெரிய கம்பெனிகள் முழு இரும்பு பாடியை மொத்தமாக அச்சடித்து இறக்கின. 1938இல் காலிபோலிஸ் என்ற ஊருக்கு இடம் மாற்றிப் பார்த்தார்கள், 1939இல் மூடினார்கள். தந்தையும் மகனும் 2021இல் அமெரிக்க மோட்டார் துறையின் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் செய்த குதிரை வண்டிகள் சில இன்னும் இருக்கின்றன. உங்கள் அப்பாரின் உளிகள், இழைப்புளி ஏதாவது வீட்டில் கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்டூடிபேக்கர் என்று ஒரு கார் எங்கள் பக்கத்து எஸ்டேட்டில் ஓடியதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அது என்ன கம்பெனி?
– வாசகி, நெல்லியாம்பதி

இதுவும் வண்டிப் பட்டறையாகத் தொடங்கியதுதான் அம்மா, ஆனால் நீண்ட ஆயுள். 1852இல் இண்டியானா மாநிலத்து சவுத் பெண்ட் ஊரில் ஸ்டூடிபேக்கர் சகோதரர்கள் கொல்லுப்பட்டறை போட்டார்கள். குதிரை வண்டியில் பெரும் பணம் பார்த்துவிட்டு 1902இல் பேட்டரி கார், 1904இல் பெட்ரோல் கார் செய்தார்கள். சவுத் பெண்டில் 1963 டிசம்பரில் உற்பத்தி நின்றது. கனடாவில் 1966 வரை ஓட்டினார்கள். அந்த எஸ்டேட் காரின் படம் கிடைத்தால் அனுப்புங்கள். முன்பக்க நடுவில் தோட்டா முனைபோல் நீட்டிக்கொண்டிருந்தால் 1950 அல்லது 1951 மாடல்.